மலையூரில் உதவி நாய்: எந்த வேலைக்கு ஆகும், எங்கே தடுமாறும்

உதவி நாய் என்றாலே பார்வையற்றவரின் இடப்பக்கம் நடக்கும் லேப்ரடார்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஒரு குடும்பம் இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினால் "எங்கே கிடைக்கும், என்ன விலை?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நாய்க்கு என்ன வேலை கொடுக்கப் போகிறோம், அந்த வேலை இந்த மலையில் நடக்குமா? காது கேளாதவருக்கு ஓசையைத் தெரிவிக்கும் நாய், குனிந்து நிமிர முடியாதவருக்குப் பொருளை எடுத்துத் தரும் நாய் ஆகிய இரண்டையும் மலையில் இருந்தபடியே தயார் செய்யலாம். பொறுமையும் நல்ல பயிற்சியாளர் ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும், அவ்வளவுதான். ரோட்டில் ஆளை நடத்திச் செல்லும் நாய் வேறு வகை. இருக்கிற வேலைகளிலேயே கடினமானது அது. மலைச்சாலை அதை இன்னும் கடினமாக்குகிறது.

ரோட்டில் நடத்தும் நாய்

முதல் உலகப் போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் ஒரு பள்ளி தொடங்கியது. அங்கிருந்துதான் இந்தப் பயிற்சி முறை பரவியது. 1929-ல் அமெரிக்காவிலும் 1931-ல் பிரிட்டனிலும் வேர்விட்டது. நூறு வருடம் கடந்தும் அடிப்படை மாறவில்லை. நாய்க்கு ஊர் தெரியாது. குன்னூரின் பெட்போர்டு பகுதியிலிருந்து அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவது என்பது ஆளின் தலைக்குள் இருக்க வேண்டும். எத்தனை திருப்பம், எந்த இடத்தில் பேக்கரி வாசனை, எங்கே தண்ணீர் ஓடும் சத்தம் என்று வெள்ளைக் கோலோடு நடந்து அந்தப் பாதையை முன்பே படித்திருக்க வேண்டும். கோலை வைத்துத் தனியாக நடக்கத் தெரியாதவருக்கு நாய் கொடுத்துப் பயனில்லை என்பதால், பயிற்சிப் பள்ளிகள் முதலில் நடமாட்டப் பயிற்சியைத்தான் சோதிக்கும்.

நாயின் பங்கு குறுகலானது, ஆனால் நுணுக்கமானது. நேர்கோட்டில் நடக்கும். படியோ மேடோ பள்ளமோ வந்தால் நின்றுவிடும். தடை இருந்தால் ஆளையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு போகும். இந்த "ஆளையும் சேர்த்து" என்பதைக் கற்றுக்கொடுக்கத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. தன் உடம்பு நுழையும் இடைவெளியில் எந்த நாயும் நுழைந்துவிடும். தன் வலப்பக்கம் இன்னோர் ஆள் அகலம் இருக்கிறது, அந்த ஆளுக்கு ஆறடி உயரம் இருக்கிறது என்று கணக்குப் போட அதற்கு இயல்பில் தெரியாது. நின்றிருக்கும் லாரியின் பக்கக் கண்ணாடியும் கடைவாசலில் தாழ்வாகத் தொங்கும் தார்ப்பாயும் நாய்க்குத் தடையே அல்ல, ஆளுக்கு மண்டை உடையும்.

முதுகில் பூட்டும் ஹார்னஸில் விறைப்பான 'ப' வடிவக் கைப்பிடி ஒன்று உண்டு. இடக்கையில் அதைப் பிடித்திருப்பவருக்கு நாயின் உடம்பு சொல்வதெல்லாம் கைவழியே வரும். கைப்பிடி முன்பக்கம் தாழ்ந்தால் இறக்கம், உயர்ந்தால் ஏற்றம், லேசாகச் சாய்ந்தால் விலகிப் போகிறது. மலையில் இது ஒரு வசதி. சமவெளி ரோட்டில் கிடைக்காத தகவல் இங்கே அடிக்கு அடி கிடைக்கிறது.

சிக்னல் பார்த்து நாய் ரோட்டைக் கடக்கும் என்பது கதை. சிவப்பையும் பச்சையையும் நம்மைப் போல அது பிரித்துப் பார்ப்பதில்லை. வண்டிச் சத்தத்தைக் கேட்டு "போ" என்று சொல்வது ஆள்தான். வண்டி வருகிறதென்றால் அந்தக் கட்டளையை நாய் மீற வேண்டும். பயிற்சியிலேயே மிக உயர்ந்த படி இது: சொன்ன பேச்சைக் கேட்கவும் வேண்டும், ஆபத்தில் கேட்காமலும் இருக்க வேண்டும்.

இனி மலைக்கு வருவோம். சமவெளியில் பயிற்சி பெற்ற நாய் இங்கே தடுமாறும் முதல் இடம் ரோட்டின் ஓரம். நடைபாதை கிடையாது. மலைப்பக்கம் மழைநீர்க் கால்வாய், பள்ளத்தாக்குப் பக்கம் சரிவு. நடைபாதை இல்லாத ரோட்டில் எதிரே வரும் வண்டியைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது பொது விதி. அப்படியானால் நம் நாட்டில் வலது ஓரத்தில் நடக்க வேண்டும். ஆனால் நாய் இடக்கையில் இருக்கிறது. ஆக நாய் ரோட்டுப் பக்கம், ஆள் கால்வாய்ப் பக்கம். நாய் ஓரத்தை ஒட்டி ஒழுங்காகத்தான் நடக்கும், ஆளின் வலது கால் கால்வாய்க்குள் போய்விடும். இடது ஓரத்தில் நடந்தால் நாய் பத்திரம், முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் வண்டிக்கு ஆள் இலக்கு. இதற்கு ஒரே வழி, அந்தந்த ரோட்டிலேயே பயிற்சி கொடுப்பதுதான். ஓரத்திலிருந்து ஓர் ஆள் அகலம் விட்டு நடக்கவும், வண்டிச் சத்தம் கேட்டதும் நின்று ஆளை ஓரத்துக்குத் திருப்பவும் நாய்க்குக் கற்றுத்தர வேண்டும். நடப்பவர் வலக்கையில் ஒரு குட்டைக் கோலும் வைத்துக்கொள்வது நல்லது. நாய் வந்த பிறகு கோல் எதற்கு என்ற வீறாப்பு மலைக்கு ஒத்துவராது.

படிக்கட்டுச் சந்துகள் இரண்டாவது. குன்னூரிலும் ஊட்டியிலும் பழைய குடியிருப்புகளுக்குப் போகும் படிகள் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஒரு படி நாலு அங்குலம், அடுத்தது ஒன்பது. நாய் முதல் படியில் நிற்கும். ஆள் கால்விரலால் விளிம்பைத் தொட்டுப் பார்த்த பிறகே "போ" சொல்ல வேண்டும். இதில் அவசரப்பட்டுப் பழகிவிட்டால் நாய் நிற்பதையே விட்டுவிடும். நின்றதற்குப் பாராட்டோ தீனியோ கிடைக்காமல் இழுத்துக்கொண்டு போனால், நிற்பது வீண் என்றுதான் அது முடிவு செய்யும்.

தெருநாய்கள் மூன்றாவது, உண்மையில் இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தடை. வேலை செய்யும் நாய் கயிற்றில் இருக்கிறது, சண்டை போடக்கூடாது என்று பழக்கப்பட்டிருக்கிறது. கூட்டமாக வரும் தெருநாய்களுக்கு அது எல்லை தாண்டி வந்த அந்நியன். ஒரே ஒரு கடுமையான தாக்குதல் போதும், நல்ல நாய்கூடப் பிறகு நாயைக் கண்டாலே உறைந்து நின்று வேலைக்கு ஆகாமல் போய்விடும். ஆள் கடிபடும் ஆபத்து தனி. பாதையை முடிவு செய்யும்போதே குப்பைத்தொட்டி, கறிக்கடை, யாராவது தினமும் சோறு வைக்கும் இடம் இவற்றை ஒதுக்கிவிட வேண்டும். காதின் நுனியில் வெட்டு அடையாளம் இருக்கும் தெருநாய் கருத்தடை ஆனது. அப்படிப்பட்டவை அதிகம் உள்ள தெரு பொதுவாக அமைதியாக இருக்கும். முதல் சில வாரம் கூட ஓர் ஆள் துணையோடு ஒரே நேரத்தில் அதே பாதையில் போனால் தெருநாய்கள் பழகிக்கொள்ளும். பாய்ந்து வரும் நாயின் முகத்துக்கு நேரே குடையைப் படாரென்று விரிப்பது நன்றாக வேலை செய்யும். ஆனால் அதற்கு முன் நம் நாயைக் குடைக்குப் பழக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலில் ஓடுவது அதுவாக இருக்கும். தாக்குதல் நடந்தால் ஹார்னஸ் கைப்பிடியை விட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். கடி பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி தொடங்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பெயர்பெற்ற பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் குன்னூரில் இருக்கிறது. அந்த ஊரிலும் நாட்டு வைத்தியத்தை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

காட்டெருமையைப் பற்றி ஒரு வார்த்தை. கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் தெருக்களில் பட்டப்பகலில் அது நிற்கும், சத்தமே போடாது. நாய் திடீரென நின்று எத்தனை முறை "போ" சொன்னாலும் நகரவில்லை என்றால் பிடிவாதம் என்று நினைத்து உந்தக்கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, அக்கம்பக்கத்தில் ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். குரைக்கும் நாயைக் காட்டெருமை துரத்தலாம். அதனால் குரைக்காத நாய் என்பது மலையில் நாகரிகம் மட்டுமல்ல.

சக்கர நாற்காலியும் சரிவும்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயில், கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. அந்தப் பாதையின் மிகச் செங்குத்தான சரிவு ஏறத்தாழ 12-க்கு 1. கட்டடங்களில் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு அனுமதிக்கப்படும் அதிகபட்சச் சரிவும் 12-க்கு 1 தான். ரயிலுக்கே பல்சக்கரம் கேட்கும் சரிவில் நாயைக் கட்டி இழுக்கச் சொல்வதைப் பற்றி இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு இதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் கணக்கையும் சொல்லிவிடலாம். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்றால், 12-க்கு 1 சரிவில் உருண்டு போகாமல் பிடித்து வைக்கவே ஏழரை கிலோ விசை வேண்டும். நம் ஊர்ச் சந்துகளில் சாதாரணமாகக் கிடக்கும் 6-க்கு 1 சரிவில் அது 15 கிலோ. நாயின் எடையே 30 கிலோதான். ஏற்றத்தில் அதன் தோளும் இடுப்பும் கெடும். இறக்கத்தில் நாற்காலியை நிறுத்த அதனிடம் பிரேக் இல்லை. ஈரப் பாசி படிந்த படியில் நாயின் முதுகை ஊன்றி எழுவதும் அப்படியே. முழு எடையை நாயின் மேல் போடக்கூடாது என்பது எல்லா ஊருக்கும் பொது விதி, மலையில் அதை அரைகுறையாகக்கூடச் செய்ய வேண்டாம்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு நாய் பயன்படும் இடம் வீடு.

எடுத்துத் தரும் நாய்

கீழே விழுந்த போனை எடுப்பது, கதவைக் கயிற்றால் இழுத்துத் திறப்பது, கம்பளியைக் கொண்டுவருவது, விழுந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவது – இவ்வளவுதான் பட்டியல். கேட்க அற்பமாக இருக்கும். தனியாக இருக்கும் ஒருவருக்கு, கட்டிலுக்கடியில் போன போனை எடுக்க மகன் வேலை முடிந்து வரும் வரை காத்திருப்பதா, அரை நிமிடத்தில் கைக்கு வருவதா என்பது அற்பமல்ல.

பயிற்சியைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். முதலில் எடுக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்: நாய் எடுக்கிறது, இரண்டடி வைக்கிறது, போட்டுவிடுகிறது. காரணம், தீனி எடுத்ததற்குக் கிடைத்தது, கையில் கொடுத்ததற்கு அல்ல. ஆகவே முதல் பாடம் வாயில் வைத்திருப்பது. துணி சுற்றிய ஒரு மரக்கட்டையை வாயருகே நீட்டி, ஒரு விநாடி கவ்வினால் தீனி. அதை 10 விநாடி வரை கூட்டுங்கள். அடுத்து, வாயில் இருப்பதை நம் உள்ளங்கையில் விடுவது. அதன் பிறகு ஒரு மீட்டர் தூரம் சுமந்து வருவது. தரையிலிருந்து எடுப்பது கடைசிப் பாடம். தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. அதற்கு மேல் போனால் நாய் கட்டையைக் கடித்து மெல்லத் தொடங்கும், அதுதான் அலுத்துவிட்டது என்பதற்கு அடையாளம். தீனி வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவு நறுக்கியதாக இருக்கட்டும், அன்றைய சாப்பாட்டிலிருந்து அந்த அளவைக் கழித்துவிடுங்கள்.

சாவி, கரண்டி போன்ற உலோகப் பொருள்களை நாய்கள் வாயில் வைக்க விரும்புவதில்லை. ஊட்டிக் குளிரில் காலை நேரத்தில் உலோகம் சில்லென்று இருக்கும், கேட்கவே வேண்டாம். சாவிக்கொத்தில் கனமான தோல் வாரையும் போனுக்குத் துணி உறையையும் போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது. கைத்தடி இன்னொரு வகைத் தொல்லை. நாய் அதை நடுவில் கவ்வும், கதவு வரை வரும், நிலையில் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு நிற்கும். தடியின் ஒரு முனையிலிருந்து ஒரு சாண் தள்ளித் துணி சுற்றி, அந்த இடத்தில் கவ்வினால் மட்டும் தீனி என்று வைத்தால், மறுமுனை தரையில் இழுபட, ஒழுங்காக வாசல் தாண்டி வரும்.

கட்டளைச் சொற்களில் நாமே குழியை வெட்டிக்கொள்கிறோம். எடு, கொடு, விடு மூன்றும் நமக்கு வேறு வேறு. நாயின் காதுக்கு மூன்றும் ஒரே வால். 'வா'வும் 'தா'வும் அதேபோல. "எடு", "கையில", "வேண்டாம்" என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. பாட்டி படுக மொழியில், அம்மா தமிழில், பேரன் இங்கிலீஷில் என்று ஆளுக்கொரு பாஷையில் ஏவும் வீட்டில் எந்தச் சொல்லும் நிலைக்காது. ஆறு ஏழு சொற்களை முடிவு செய்து சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுவதுதான் வழி.

நம் வீட்டுத் தாழ்ப்பாளை நாய் திறக்காது. சுவரோடு ஒட்டிய சின்ன ஸ்விட்சும் அதற்கு எட்டாது. கயிறு இழுத்தால் திறக்கும் தாழும், பெரிய தட்டு ஸ்விட்சும் வைத்துக்கொள்ள ஆகும் செலவு குறைவு. நாயைக் கொண்டு எல்லாவற்றையும் செய்விக்கும் ஆசையில் இதை மறந்துவிடுகிறார்கள்.

காது கேளாதவரின் வீட்டில்

மலைக்கு மிகப் பொருத்தமான வேலை இது என்று தயங்காமல் சொல்லலாம். சரிவு இல்லை, தெருநாய் இல்லை, பெரிய உடம்பும் தேவையில்லை. ஓசை கேட்டதும் ஆளிடம் வந்து மூக்காலோ முன்காலாலோ தொட வேண்டும், "எங்கே?" என்று கேட்டதும் ஓசை வரும் இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். பேச்சு வராதவர் குரலில் கட்டளையிட வேண்டியதே இல்லை. உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினால் போதும், கைச்சைகையை நாய் குரலைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும்.

மூன்று படி. முதலில் ஓசையே இல்லாமல், நம் முழங்காலை மூக்கால் தொட்டால் தீனி. அது நன்றாகப் பதிந்த பிறகு, இரண்டு மீட்டர் தூரத்தில் கடிகார அலாரத்தை வைத்து, அடித்ததும் தொடச் சைகை, தொட்டால் தீனி. சில நாளில் சைகை இல்லாமலே ஓசைக்கு வந்து தொடும். மூன்றாவது, தொட்டதும் "எங்கே?" என்று கேட்டு, அலாரத்திடம் போய் நின்றால் மட்டும் தீனி. பிறகு அலாரம் அடுத்த அறைக்கு, மாடிக்கு, மூடிய கதவுக்குப் பின்னால் என்று தள்ளிக்கொண்டே போகலாம். ஒரு ஓசை பிசகில்லாமல் வந்த பிறகே அடுத்த ஓசை: காலிங் பெல், கதவு தட்டுவது, குழந்தை அழுவது, ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. புகை அலாரத்துக்கு மட்டும் பாடம் வேறு. அங்கே கூட்டிப்போனால் நெருப்புக்கே கூட்டிப்போனதாகிவிடும். தொட்டுவிட்டுத் தரையில் படுத்துக்கொள்ள வேண்டும், அதுவே ஆபத்து என்ற செய்தி.

என்ன கெடும்? தீனி வேண்டுமென்று ஓசையே இல்லாமல் வந்து தொடத் தொடங்கும். தொட்டவுடன் கொடுத்துப் பழக்கியதன் பலன் இது; ஓசையின் இடத்தில் மட்டுமே கொடுத்தால் ஓரிரு வாரத்தில் மாறிவிடும். எஸ்டேட் லைன் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சுவர் பொது, பக்கத்து வீட்டு காலிங் பெல்லும் நம் வீட்டு பெல்லும் ஒரே கடையில் வாங்கிய ஒரே டிங்-டாங். நாய் நாள் முழுக்க வாசலுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும், ஆள் வெறுத்துப்போவார். யாரிடமும் இல்லாத ராகம் உள்ள பெல்லாகப் பார்த்து மாட்டுங்கள், பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் மழைக்காலக் கரண்ட் கட்டிலும் வேலை செய்யும்.

குக்கர் விசில் ஒரு தனிக் கதை. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சாதாரணப் பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, எல்லாவற்றுக்கும் குக்கர்தான். விசில் அடிக்கடி வரும். நான்காவது விசிலுக்கு வந்து சொல் என்றால் நாய்க்கு எண்ணத் தெரியாது. அடுப்பு பற்றவைக்கும்போதே ஒரு சமையல் டைமரைத் திருகிவைத்து, அந்த மணிக்குத்தான் நாயைப் பழக்க வேண்டும். விசிலைப் பழக்கவே வேண்டாம்.

சர்க்கரை குறைவதை மோப்பம் பிடிக்கும் நாய், வலிப்பு வருமுன் சொல்லும் நாய் என்றும் விளம்பரங்கள் வருகின்றன. வலிப்பு வந்த பிறகு பக்கத்தில் படுத்துக்கொள்ளவும் ஆளைக் கூட்டிவரவும் நாயைப் பழக்கலாம். முன்கூட்டியே சொல்லும் திறனை உத்தரவாதம் கொடுத்து விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். சர்க்கரைக்கு, எந்த நாய் இருந்தாலும் குளுக்கோமீட்டரே முடிவு.

எந்த நாய்

வேலைநாய்ப் பள்ளிகள் லேப்ரடாரையும் கோல்டன் ரெட்ரீவரையும் இரண்டின் கலப்பையும் விரும்பக் காரணம், அவை தீனிக்கு மயங்கும், வாயில் எதையாவது வைத்திருக்க ஆசைப்படும், அந்நியரைச் சந்தேகிக்காது. லேப்ரடாரின் இரட்டை அடுக்கு முடி குளிருக்கும் நல்லது. ஆனால் இடுப்பு மூட்டுக் கோளாறு அந்த இனத்தில் பரவலாக உண்டு, வேலைக்கு எடுக்குமுன் இடுப்பு எக்ஸ்ரே அவசியம். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைக் கண்டால் துரத்தப் பிறந்தவை. குரங்கும் முயலும் குறுக்கே ஓடும் மலையில் ஹார்னஸ் வேலைக்கு ஆகாது. ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பேர்போனவை, அந்த அந்நிய வெறுப்பே இங்கே குறை. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடும் வருவதுண்டு என்பதை ஓசை நாய் தேடுபவர் கவனிக்க வேண்டும். வீட்டுக்குள் செய்யும் வேலைக்குத் தத்தெடுத்த நாட்டு நாய் தாராளமாகப் போதும்.

எட்டு வாரக் குட்டியைப் பார்த்து ஜாதகம் சொல்ல முடியாது. ஒரு வயதை ஒட்டிச் சோதியுங்கள். சற்றுத் தள்ளி ஒரு தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிடுவது தவறில்லை, எவ்வளவு வேகமாகத் தேறி, கிட்டே வந்து மோந்து பார்க்கிறது என்பதுதான் விஷயம். அரை நிமிடத்துக்குப் பிறகும் கட்டிலடியில் இருந்தால் அது செல்லநாயாகச் சுகமாக இருக்கட்டும். முறையான பள்ளிகளிலேயே தொடங்கும் குட்டிகளில் கணிசமானவை கடைசி வரை வருவதில்லை, அதனால் வருத்தப்பட ஒன்றுமில்லை. வீட்டிலேயே பயிற்சி கொடுப்பவர்களுக்கு, உதவி நாயோடு வாழ்வோரின் சர்வதேசக் கூட்டமைப்பு சொல்லும் குறைந்தபட்சம் ஆறு மாதத்தில் 120 மணி நேரம், அதில் 30 மணி நேரமாவது பொது இடத்தில். அந்த 30 மணி நேரத்துக்குக் கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் ஐந்து கிலோமீட்டர் ரோட்டைவிட நல்ல இடம் மலையில் குறைவு: சமதளம், குதிரை, சைக்கிள், சோளம் சுடும் வண்டி, செல்பி எடுக்க ஓடிவரும் கூட்டம், எல்லாம் ஒரே இடத்தில்.

சிறுத்தை, உண்ணி, சாக்லேட்

சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. குன்னூரிலும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் வீட்டு வாசலில் படுத்திருந்த நாயைத் தூக்கிப்போவது சிசிடிவியில் அடிக்கடி வருகிறது. வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்த நாயை இரவில் வெளியே கட்டிப்போடுவதற்கு மன்னிப்பே கிடையாது. கட்டிய நாய் தப்பவும் முடியாது. வெளிவேலை காலை வெயில் ஏறிய பின்னும் மாலை ஐந்துக்கு முன்னும் முடிந்துவிட வேண்டும். இரவில் ஒன்றுக்குப் போக, வாசலை ஒட்டி நான்கு பக்கமும் மேலேயும் கம்பிவலை அடித்த ஒரு சின்ன இடம், அதில் ஒரு பல்பு. மேலே வலை இல்லாத சுவர் சிறுத்தைக்குத் தடையல்ல. சொன்னவுடன் அங்கே போய்வரும் பழக்கத்தைக் குட்டியிலிருந்தே ஒரு சொல்லோடு சேர்த்து ஏற்படுத்த வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இது வசதி அல்ல, தேவை.

தோட்டத்து ஓரங்களில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியும் அவுட்டுக்காய் எனும் நாட்டு வெடியும் முதலில் பலிவாங்குவது நாயைத்தான். தேயிலைக்கு மருந்து அடித்த பக்கம் சில நாள் போகவேண்டாம். உண்ணி பொறுக்கப் பார்வை தேவையில்லை: காதின் உட்புறம், கழுத்துப்பட்டிக்கு அடியில், விரலிடுக்கு என்று தினமும் விரலால் தடவினாலே தட்டுப்படும். சுணக்கம், சாப்பாடு மறுப்பு, வெளிறிய ஈறு தெரிந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம். ஓடைத் தண்ணீரில் வாய்வைக்க விட்டால் நீரட்டை மூக்குக்குள் ஏறிவிடும். ஓயாத தும்மலும் ஒரு மூக்கில் மட்டும் ரத்தமும் அதன் குறி. கூடலூர், தேவாலா மழையில் நனைந்த நாயின் காதையும் அக்குளையும் துடைத்து உலர்த்தாவிட்டால் ஒரு வாரத்தில் நாற்றமும் சீழும்தான். நடுக்கும் குளிரில் கொழுப்பு ஏறட்டும் என்று அதிகம் போடுவதும் தவறு. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது.

சீசனில் வருபவர்கள் ஆசையாக ஹோம்மேட் சாக்லேட்டை நீட்டுவார்கள். சாக்லேட் நாய்க்கு விஷம், உலர்திராட்சையும் விஷம். திராட்சை போட்ட டார்க் சாக்லேட்டில் இரண்டும் சேர்ந்திருக்கிறது. மேலங்கியில் "வேலையில் இருக்கிறது. தொடாதீர்கள், தீனி கொடுக்காதீர்கள்" என்று தமிழில் பெரிதாக எழுதியிருப்பது பாதி வாக்குவாதத்தைக் குறைக்கும்.

உள்ளே விடுவார்களா

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நாயைக் கூட அழைத்துச் செல்லும் உரிமை என்று தனியாக ஒரு பிரிவை அதில் எழுதவில்லை. கையில் இருப்பது இரண்டு பிடிமானம். குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது, நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்கிறது சட்டத்தின் 3-ம் பிரிவு. இந்தியா 2007-ல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 20-ம் பிரிவு, நடமாட்டத்துக்கான துணைகளில் உயிருள்ள துணையையும் சேர்த்துச் சொல்கிறது. லாட்ஜ்காரரிடம் சட்டம் பேசி ஜெயிப்பதைவிட, முதல்நாளே போன் செய்து பேசிவிடுவது காரியத்தை முடிக்கும். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) நகல், வெறிநாய்த் தடுப்பூசி அட்டை, கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்று, பயிற்சியாளரின் கடிதம் இவை ஒரே உறையில் இருக்கட்டும். கடைக்காரர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கச் சட்டம் அங்கே கடைக்காரரை இரண்டே கேள்வி கேட்க அனுமதிக்கிறது: இது குறைபாட்டுக்காகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள். ஊட்டி ஓட்டல் கல்லாவிலும் இந்த இரண்டு போதும். மேசைக்கடியில் சத்தமில்லாமல் படுத்திருக்காத, இலையைப் பார்த்து எச்சில் ஊற்றும் நாயை வெளியே அனுப்பச் சொல்வது அவரது உரிமை, அதில் கோபப்பட ஒன்றுமில்லை. செல்லநாய்க்கு ஆன்லைனில் ஒரு மேலங்கி வாங்கி மாட்டிக்கொண்டு வருபவர்களால்தான் அடுத்து வரும் நிஜமான நாய்க்குக் கதவு மூடுகிறது.

வாங்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டிய இன்னொன்று, ஓய்வு. உதவி நாய்கள் பெரும்பாலும் எட்டிலிருந்து பத்து வயதுக்குள் வேலையை நிறுத்துகின்றன. படி ஏறத் தயங்குவது, கூப்பிட்டதும் எழ நேரமாவது, முன்பு தாண்டிய இடத்தில் சுற்றிப்போவது எல்லாம் அடையாளம். அப்போது இரண்டாவது நாயைப் பழக்கத் தொடங்கினால் இடையில் ஒன்றரை வருடம் ஆள் துணையின்றி நிற்பார். பழையது ஏழு வயதாகும்போதே புதியதைத் தேட வேண்டும். ஓய்வு பெற்றது அதே வீட்டில் இருக்குமா, உறவினரிடம் போகுமா என்பதையும் பேசி வையுங்கள். ரோட்டிலிருந்து அறுபது படி இறங்கிப் போகும் வீடு என்றால், நடக்க முடியாமல் போன 30 கிலோ நாயை மருத்துவரிடம் கொண்டுபோக இரண்டு ஆளும் ஒரு தடித்த போர்வையும் தேவைப்படும். அந்த இரண்டு பேர் யார் என்று இன்றைக்கே பெயர் சொல்ல முடிய வேண்டும்.